வன்வட்டின் பாகப்பிரிவினை: இயங்குதளம் விழித்திருக்கலாமா?

சி டிரைவ் நிறைந்துவிட்டது. பக்கத்திலேயே இருக்கும் டி டிரைவில் பாதிக்கு மேல் காலி. இடையில் உள்ள எல்லையைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் போதும். இந்த எளிய தேவைக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக ஒன்றோடொன்று ஒத்துப்போகாத விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. கணினியை அணைத்துவிட்டு, பென் டிரைவிலிருந்து வேறோர் அமைப்பை ஏற்றி, வெளியில் நின்று பிரிப்பதுதான் பத்திரம் என்கிறது ஒரு தரப்பு. ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்துக்குத்தான் தன் வட்டின் நிலவரம் முழுதாகத் தெரியும், அதனிடமே விட்டுவிடுங்கள் என்கிறது மறுதரப்பு. அமைப்பு பாதி எழுந்திருக்கும் வேளையில் காரியத்தை முடிப்பவர்கள் இருக்கிறார்கள். பாகமே பிரிக்க வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்தத் தரப்புகள் எங்கிருந்து வந்தன, எங்கே இடறுகின்றன என்று பார்க்குமுன் ஒரு சிறு திருத்தம் தேவை. ‘இயங்குதளத்தைத் தொடங்காமல்’ என்று வழக்கமாகச் சொன்னாலும், ஏதோ ஓர் இயங்குதளம் ஓடாமல் இந்த வேலை நடப்பது அரிது. ஃபிளாப்பியிலிருந்து எழுந்த டாஸும் இயங்குதளமே. இன்று பலரும் பயன்படுத்தும் ஜிபார்ட்டட் லைவ், டெபியனை அடிப்படையாகக் கொண்ட ஒரு முழு லினக்ஸ். (இன்டலின் ஐட்டேனியம் சர்வர்களில் இ.எஃப்.ஐ. ஷெல்லிலேயே ஓடும் டிஸ்க்பார்ட் ஒன்று இருந்தது. அதை விதிவிலக்காகக் கொள்ளலாம்.) எனவே உண்மையான கேள்வி, எல்லையைத் திருத்தும்போது விழித்திருக்க வேண்டியது யார் என்பதே: அந்த வட்டிலேயே குடியிருக்கும் அமைப்பா, வெளியூரிலிருந்து வந்த அமைப்பா?

ஒரு சொல்லுக்குள் மூன்று வேலைகள்

விவாதம் இவ்வளவு காலம் நீண்டதற்கு ஒரு காரணம், ‘பார்ட்டிஷன் செய்வது’ என்ற ஒரே சொல்லில் மூன்று வேலைகள் அடங்கியிருப்பது.

முதலாவது, அட்டவணையைத் திருத்துவது. பழைய எம்.பி.ஆர். முறையில் வட்டின் முதல் செக்டாரான 512 பைட்டுகளில் 446 பைட் தொடக்க நிரலுக்கு. 64 பைட் நான்கு பாகங்களின் பதிவுக்கு. கடைசி 2 பைட் முத்திரை. எல்லை என்பது அந்த 64 பைட்டில் எழுதப்பட்ட சில எண்கள், அவ்வளவுதான். ஜி.பி.டி. முறையில் வழக்கமாக 128 பதிவுகளுக்கு இடம் உண்டு, வட்டின் கடைசியில் ஒரு நகலும் பிழையறியும் சரிபார்ப்பு எண்ணும் உண்டு. இரண்டிலும் அட்டவணையை எழுத ஒரு கணம் போதும். கிராமக் கணக்கில் உட்பிரிவு எண்ணை மாற்றி எழுதுவது போன்ற வேலை இது.

இரண்டாவது, கோப்பு முறைமையின் அளவை மாற்றுவது. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ்., லினக்ஸின் எக்ஸ்ட்4 போன்றவை தமக்கு எவ்வளவு இடம் என்பதைத் தம்முடைய குறிப்புகளிலும் எழுதி வைத்திருக்கின்றன. அட்டவணையில் மட்டும் எல்லையைக் குறுக்கினால், வேலிக்கு அப்பாலும் தன் நிலம் இருப்பதாக நினைத்து வீடு கட்டிக்கொண்டே போகும் கதைதான். அதனால்தான் சுருக்கும்போது கோப்பு முறைமை முதலில், அட்டவணை பிறகு. விரிக்கும்போது அட்டவணை முதலில், கோப்பு முறைமை பிறகு. இந்த வரிசை பிறழ்ந்ததால் அழிந்த தரவு கொஞ்சமாக இருக்காது.

மூன்றாவது, பாகத்தின் தொடக்கத்தையே நகர்த்துவது. சிக்கல் முழுவதும் இங்கேதான். சி டிரைவைப் பெரிதாக்க வேண்டும் என்று நாம் சொல்வதன் உண்மைப் பொருள், டி டிரைவ் தொடங்கும் இடத்தை வலப்பக்கம் தள்ள வேண்டும் என்பது. டி-யை அதன் வால் பக்கத்தில் சுருக்கினால் காலியிடம் டி-க்குப் பின்னால் போய் விழும். சி-யை ஒட்டி வராது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் விரிவாக்கும் கட்டளை மங்கிக் கிடப்பதைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான். டி-யின் தலையைத் தள்ளுவதென்றால் அதில் இருப்பவற்றை ஒட்டுமொத்தமாகப் படித்து வேறிடத்தில் எழுத வேண்டும். விநாடிக்கு 100 மெகாபைட் வேகம் கொண்ட வட்டில் 500 ஜிபியைப் படிக்க மட்டும் 5,000 விநாடி ஆகும். அதே வட்டில் எழுதவும் வேண்டுமென்றால் இரண்டே முக்கால் மணி நேரம் குறைந்தபட்சம். அதற்கிடையில் மின்சாரம் போனால் பாகத்தின் முன்பாதி ஒரு கணக்கிலும் பின்பாதி இன்னொரு கணக்கிலும் கிடக்கும்.

வெளியில் நின்று பிரித்தவர்கள்

1983 மார்ச்சில் ஐபிஎம் வெளியிட்ட பிசி எக்ஸ்டி கணினியில் 10 மெகாபைட் வன்வட்டு இருந்தது. அதோடு வந்த பிசி டாஸ் 2.0-இல்தான் எஃப்டிஸ்க் அறிமுகமானது. ஒரே வட்டில் வெவ்வேறு இயங்குதளங்கள் தத்தம் பங்கோடு இருக்கட்டும் என்பதே நான்கு பதிவுகள் கொண்ட அந்த அட்டவணையின் நோக்கம். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோஸும் சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் ஒன்றாக வந்ததும் அந்தப் பழைய ஏற்பாட்டின் தொடர்ச்சிதான்.

ஆனால் எஃப்டிஸ்க்குக்கு முதல் வேலை மட்டுமே தெரியும். எல்லையை மாற்ற வேண்டுமா, இருப்பதை அழித்துவிட்டுப் புதிதாகப் பிரி என்பதே அதன் சட்டம். பாகம் பிரிப்பதும் ஃபார்மட் செய்வதும் ஒரே காரியம் என்று இன்றும் பலர் எண்ணுவதற்கு இந்தக் காலம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

தரவை அழிக்காமல் பிரிக்கும் முயற்சிகள் 1990-களில் வந்தன. ஆர்னோ ஷேஃபர் எழுதிய ஃபிப்ஸ் என்ற இலவசக் கருவி ஃபேட் பாகமொன்றை இரண்டாகப் பிளக்கும். முதலில் டிஃப்ராக் ஓட்டிக் கோப்புகளை வட்டின் முன்பக்கம் ஒதுக்க வேண்டும், ஃபிளாப்பியிலிருந்து பூட் செய்து கருவியை இயக்க வேண்டும், பழைய அட்டவணையின் நகலை ஃபிளாப்பியில் சேமித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் ஒழுங்கு. லினக்ஸைச் சோதித்துப் பார்க்க விரும்பிய அன்றைய விண்டோஸ் பயனர்கள் பலருக்கு வாசல் திறந்தது இதுதான். பவர்குவெஸ்ட் நிறுவனத்தின் பார்ட்டிஷன் மேஜிக் இதைச் சந்தைப் பொருளாக்கியது. அதற்கு அன்று கிராக்கி ஏற்பட்டதன் பின்னணி சற்று விநோதமானது. ஃபேட்16 முறையில் 1 ஜிபிக்கு மேற்பட்ட பாகத்தில் ஒவ்வொரு கோப்பும், ஒரே வரி கொண்டதாக இருந்தாலும், 32 கிலோபைட்டைப் பிடித்துக்கொள்ளும். பாகங்களைச் சிறிதாக்கினால் இந்த வீணடிப்பு குறையும். எல்லையை நகர்த்துவது அந்தக் காலத்தில் இடத்தை மிச்சப்படுத்தும் வழி. பவர்குவெஸ்ட்டை 2003-இல் சிமான்டெக் வாங்கியது. அதன்பின் அந்தக் கருவி வளரவில்லை. அதன் இடத்தை குனு பார்ட்டடும், 2004-இல் அதற்கு வரைகலை முகம் தந்த ஜிபார்ட்டடும் எடுத்துக்கொண்டன. வட்டில் நிறுவாமலேயே குறுந்தகட்டிலிருந்து ஓடும் லினக்ஸை 2000-இல் கிளவுஸ் க்னாப்பர் தம் க்னாப்பிக்ஸ் மூலம் பரவலாக்கியிருந்ததால் வழி ஏற்கெனவே பண்பட்டிருந்தது.

இத்தரப்பின் வாதம் வலுவானது. ஓடும் அமைப்பு, வட்டில் எந்த இடம் நிரம்பியது எது காலி என்ற கணக்கின் ஒரு பகுதியை எப்போதும் நினைவகத்தில் வைத்திருக்கும். வட்டில் எழுதப்படாத மாற்றங்கள் அதன் கையில் இருக்கும். அந்நேரத்தில் இன்னொரு கருவி வட்டைத் திருத்தினால் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருவர் எழுதுவதாகிவிடும். லினக்ஸ் கெர்னலே இதை ஒப்புக்கொள்கிறது: வட்டின் ஏதேனும் ஒரு பாகம் பயன்பாட்டில் இருந்தால் முழு அட்டவணையையும் மறுபடி படிக்க மறுத்துவிடும்.

இதற்குள் ஓர் அனுமானம் மறைந்திருக்கிறது. வெளியிலிருந்து வருபவர் பார்க்கும்போது வீட்டுக்காரர் முழுதாகக் காலி செய்துவிட்டுப் போயிருக்க வேண்டும். வீடும் திறந்திருக்க வேண்டும். 1995-இல் இது பொதுவாக உண்மை. இப்போது அப்படிச் சொல்ல முடியுமா என்பதைப் பிறகு பார்ப்போம்.

உள்ளிருந்தே பிரிக்கலாம் என்பவர்கள்

இந்தக் கருத்து பெரிய கணினிகளின் உலகிலிருந்து வந்தது. நிறுத்தவே கூடாத சர்வரில் ‘அணைத்துவிட்டு வாருங்கள்’ என்ற அறிவுரைக்கு மதிப்பில்லை. ஐபிஎம்மின் ஏ.ஐ.எக்ஸ். அமைப்பு 1990-லேயே தருக்கப் பாக மேலாண்மையை, அதாவது எல்.வி.எம். முறையை, கொண்டுவந்தது. லினக்ஸுக்கு அதை 1998-இல் ஹைன்ஸ் மாவெல்ஷாகன் எழுதினார். பாகத்துக்கும் வட்டுக்கும் நடுவே ஓர் இடைக்கணக்கு வைத்துவிட்டால், பாகம் அடுத்தடுத்த செக்டார்களில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விடுகிறது. தொடக்கத்தை நகர்த்தும் அந்த மூன்றாவது வேலையே இங்கு தேவைப்படுவதில்லை. தரவை ஒரு வட்டிலிருந்து இன்னொன்றுக்கு, பயனர்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, துண்டு துண்டாக இடம் மாற்றவும் முடிகிறது. ‘வெளியிலிருந்து மட்டுமே முடியும்’ என்ற வாதத்துக்கு இதைவிட நேரடியான மறுப்பு கிடையாது. இந்த இடைக்கணக்கை நிறுவும்போதே அமைத்திருக்க வேண்டும் என்பதுதான் குறை. வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் அது இருக்காது.

வீட்டுக் கணினிகளில் மாற்றம் சற்றுத் தாமதமாக வந்தது. ஆப்பிள் 2006 ஏப்ரலில் பூட் கேம்ப்பை வெளியிட்டபோது, ஓடிக்கொண்டிருக்கும் மேக் தன் பாகத்தைத் தானே சுருக்கி விண்டோஸுக்கு இடம் கொடுத்தது. 2007-இன் தொடக்கத்தில் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் சுருக்கும் வசதியும் விரிக்கும் வசதியும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே இருந்தன. ஆனால் விஸ்டாவின் சுருக்கல் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் கோப்பு, சிஸ்டம் ரெஸ்டோருக்கான நிழல் நகல்கள் முதலியன ஓடும்போது இடம்பெயராதவை. இவற்றுள் எது வலப்பக்கக் கடைசியில் இருக்கிறதோ அதுவரைதான் எல்லை வரும். 200 ஜிபி காலியிருந்தும் சில ஜிபியே சுருக்க முடிகிறது என்ற புலம்பல் இதனால் எழுவது. பழகிய மருந்து: பேஜ் ஃபைலை நீக்கு, ஹைபர்னேஷனை நிறுத்து, சிஸ்டம் ரெஸ்டோரை அணை, மறுதொடக்கம் செய், சுருக்கு, பிறகு எல்லாவற்றையும் திரும்ப இயக்கு. உள்ளிருந்து செய்வதற்கே உள்ளிருப்பவரைப் பாதி உறங்க வைக்க வேண்டியிருக்கிறது.

லினக்ஸிலும் படம் கலவையானது. எக்ஸ்ட்4 ஓடும்போதே விரியும். சுருக்க வேண்டுமென்றால் அன்மவுன்ட் செய்தே, அதாவது பயன்பாட்டிலிருந்து விலக்கியே, ஆக வேண்டும். எக்ஸ்.எஃப்.எஸ். ஓடும்போது மட்டுமே விரியும். நடைமுறையில் சுருங்கவே சுருங்காது. பிடிஆர்எஃப்எஸ் இரண்டையும் ஓடும்போதே செய்கிறது. மேகக் கணிமையின் சர்வர்கள் விரிவதை மட்டுமே கேட்பதால் அங்கே உள்தரப்பு முற்றாக வென்றுவிட்டது எனலாம். அமேசான் தன் இ.பி.எஸ். வட்டுகளை ஓடும் சர்வரிலேயே பெரிதாக்க 2017 முதல் அனுமதிக்கிறது. சிறிதாக்க அனுமதி இல்லை.

உள்தரப்பின் தன்னம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 2024 ஜனவரி ஒரு சான்று. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கேபி5034441 என்ற பாதுகாப்புப் புதுப்பிப்பு, மீட்புப் பாகத்தில் இடம் போதாத கணினிகளில் நிறுவ முடியாமல் தோற்றது. நிறுவனம் தந்த வழிமுறை: சி டிரைவை 250 மெகாபைட் சுருக்கி, மீட்புப் பாகத்தை நீக்கி, அதைப் பெரிதாகத் திரும்ப உருவாக்குங்கள். இவை அனைத்தும் ஓடும் விண்டோஸுக்குள், அதன் கட்டளைவரிக் கருவியான டிஸ்க்பார்ட்டின் கறுப்புத் திரையில். தொழில்நுட்பமாக இதில் பிழையில்லை. ஆனால் ஒரு பாகத்தின் எண்ணை மாற்றித் தட்டினால் வேறொன்று அழியக்கூடிய இடத்துக்குச் சாதாரணப் பயனரை அனுப்பிவைத்தது எந்தத் தரப்புக்கும் பெருமை சேர்க்காது.

ரேழியில் நின்று

பழைய வீடுகளில் வாசலுக்கும் கூடத்துக்கும் இடையே ரேழி இருக்கும். மூன்றாம் தரப்பு நிற்பது அங்கே: இயங்குதளம் எழத் தொடங்கிவிட்டது, வட்டை முழுதாகக் கையில் எடுக்கவில்லை. விண்டோஸில் வட்டைச் சரிபார்க்கும் செக்டிஸ்க்கின் நீலத்திரை வடிவம் இந்த இடைவெளியில்தான் ஓடும். வணிகக் கருவிகள் பலவும் ‘மறுதொடக்கத்தின்போது செய்யப்படும்’ என்று சொல்லிவிட்டு இதே வாய்ப்பைப் பயன்படுத்துகின்றன. ராஸ்பெர்ரி பையின் மெமரி கார்டில் எழுதப்பட்ட சிறிய படிமம், முதல் பூட்டின்போது தானாகவே கார்டு முழுவதும் விரிவது இன்னொரு வகை. 2020-இல் லினக்ஸின் சிஸ்டம்டியோடு சேர்ந்த ரிபார்ட், தொடக்க நினைவகச் சூழலிலேயே பாகங்களை உருவாக்கவும் பெரிதாக்கவும் செய்கிறது. வழக்கமான இயக்கத்தில் எதையும் சுருக்குவதில்லை, நகர்த்துவதில்லை, நீக்குவதில்லை என்பது அதன் வடிவமைப்பிலேயே உள்ள விரதம்.

இந்த அடக்கம்தான் இவ்வழியின் பலம். பலவீனமும் உண்டு: ஏதாவது தவறினால் திரையில் ஒரு வரி தோன்றி மறையும், இடையில் புகுந்து சரிசெய்ய அங்கே யாரும் இல்லை.

பூட்டிய வீடும் வெளியாளும்

வெளியில் நிற்பவரின் அனுமானத்துக்கு முதல் அடி 2012-இல் விழுந்தது. விண்டோஸ் 8-இன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், ஷட் டவுன் என்று அழுத்தும்போது பயனரை வெளியேற்றிவிட்டுக் கெர்னலை ஹைபர்னேட் செய்துவிடுகிறது. விளக்கு அணைந்திருக்கும், வீட்டுக்காரர் உள்ளே உறங்கிக்கொண்டிருப்பார். அந்நிலையில் வெளியிலிருந்து எல்லையை மாற்றினால், விழித்தெழும் விண்டோஸ் தன் நினைவில் உள்ள பழைய கணக்கின்படியே எழுதத் தொடங்கும். லினக்ஸின் என்.டி.எஃப்.எஸ். கருவிகள் இந்நிலையை அடையாளம் கண்டு எழுத மறுப்பது இந்த ஆபத்தால்தான். ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் செய்தால், அல்லது ரீஸ்டார்ட் கொடுத்தால், வீடு உண்மையிலேயே காலியாகும்.

இரண்டாவது அடி குறியாக்கம். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் போட்ட பாகத்தை ஜிபார்ட்டட் இன்னதென்று அடையாளம் காணும், அளவை மாற்றாது. சாவி விண்டோஸிடம் இருப்பதால் அதே பாகத்தை விண்டோஸின் சொந்தக் கருவி எளிதாகச் சுருக்கிவிடும். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், தகுதியுள்ள கணினிகளில் குறியாக்கம் தானே இயங்கிவிடுகிறது. தன் வட்டு பூட்டப்பட்டிருப்பதே தெரியாத பயனர் பென் டிரைவை எடுத்துக்கொண்டு வரும்போது வெளிவழி அவருக்குப் பயன்படாமல் போகலாம். பூட் அமைப்பை மாற்றியதில் மீட்புச் சாவியைக் கேட்கும் திரையும் வரலாம்.

மூன்றாவது, வன்பொருளே. 2020 நவம்பரில் வந்த எம்1 முதல் ஆப்பிளின் சொந்தச் சில்லுக் கணினிகளில், வெளி வட்டிலிருந்து பூட் செய்வதற்கும் உள்வட்டு உயிரோடு இருக்க வேண்டும். வெளியில் நிற்க இடமே இல்லாத வீடு அது. அதற்கு லினக்ஸ் கொண்டுவந்த அசாஹி லினக்ஸ் திட்டம் 2022 மார்ச்சில் தந்த நிறுவி, ஓடும் மேக் ஓஎஸ்ஸுக்குள்ளிருந்தே அதன் பாகத்தைச் சுருக்குகிறது. திரை உறைந்ததுபோலத் தோன்றலாம், அது இயல்பு, அணைத்துவிடாதீர்கள் என்று முன்கூட்டியே எச்சரிக்கவும் செய்கிறது. வெளிவழிக்குப் பேர்போன லினக்ஸ் உலகமே இங்கு உள்வழிக்கு மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

பாகமே வேண்டாம் என்ற வாதம்

2017-இல் மேக்கின் இயல்பான கோப்பு முறைமையான ஏ.பி.எஃப்.எஸ்ஸில் ஒரே கொள்கலத்துக்குள் பல பாகங்கள் காலியிடத்தைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன. சன் நிறுவனத்தின் இசட்.எஃப்.எஸ்ஸும் பிடிஆர்எஃப்எஸ்ஸின் துணைப்பாகங்களும் இதே வகை. கூட்டுக்குடும்பம்போல, யாருக்கு எவ்வளவு என்று முன்கூட்டி அளக்காததால் எல்லையை நகர்த்தும் பேச்சே எழுவதில்லை. ஒரே இயங்குதளம் உள்ளவரை இது ஏறத்தாழ நிறைவான விடை. ஆனால் 1983-இன் தேவை, ஒருவர் மொழி இன்னொருவருக்குப் புரியாத இரண்டு இயங்குதளங்கள் ஒரே வட்டில் குடியிருப்பது. அதற்குக் கூட்டுக்குடும்பம் சரிப்படாது; சுவர் வேண்டும்.

மதிப்பீடு

உள்ளா வெளியா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த வேலைக்கு என்று கேட்டால் ஓரளவு கிடைக்கிறது. வலப்பக்கம் ஒட்டிய காலியிடத்துக்கு விரிப்பதற்கு வெளிவழியை நாட இன்று வலுவான காரணம் எதுவும் தென்படவில்லை. சுருக்குவது அந்தந்தக் கோப்பு முறைமையைப் பொறுத்தது: என்.டி.எஃப்.எஸ். என்றால் முதலில் விண்டோஸிடமே கேட்டுப் பார்ப்பது நல்லது, எக்ஸ்ட்4 என்றால் அன்மவுன்ட் செய்தாக வேண்டும், ஓடும் அமைப்பின் சொந்தப் பாகமானால் வெளியிலிருந்தோ ரேழியிலிருந்தோதான் முடியும். இடைக்கணக்கு இல்லாத சாதாரண வட்டில், ஓடும் அமைப்பின் சொந்தப் பாகத்தின் தொடக்கத்தை நகர்த்துவது இன்றும் வெளியிலிருந்தோ ரேழியிலிருந்தோ செய்ய வேண்டியதாகவே இருக்கிறது. வெளிவழி பத்திரமானது என்ற பழைய நம்பிக்கையை மட்டும் நிபந்தனையோடுதான் ஏற்க முடியும்.

முடிவாகாதவை சில உண்டு. நகர்த்தும்போது மின்சாரம் போனால் விட்ட இடத்திலிருந்து தொடரும் திறன் பொதுவாகக் கருவிகளில் உறுதியான வழக்கமாகவில்லை; ஜர்னல் வைத்து நகர்த்துவது கோட்பாட்டில் கடினமல்ல என்றாலும், அரிதாக நிகழும் வேலைக்கு அவ்வளவு உழைப்பைப் போட யார் முன்வருவார்கள் என்பது தெளிவாக இல்லை. வட்டுகள் எல்லாம் பூட்டப்பட்டவையாகிவிட்டால் வெளியாளிடம் சாவியைக் கொடுக்கும் முறை என்ன, கொடுக்கத்தான் வேண்டுமா என்பதிலும் ஒத்த கருத்து உருவாகவில்லை.

ஜி.பி.டி. முறையில் பிரித்த வட்டுகளின் முதல் செக்டாரில் இன்றும் அந்தப் பழைய 64 பைட் அட்டவணை இருக்கிறது. வழக்கமாக அதில் ஒரே ஒரு பதிவுதான்: வட்டு முழுவதும் ஏற்கெனவே ஒருவருக்குச் சொந்தம் என்று. வெளியிலிருந்து வரும் பழைய கருவி எதுவும் காலி மனை என்று எண்ணி உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதி வைத்தது அது.